பொன்னுருக்கலுக்கு வந்த கல்

சென்ற தை மாதம் வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, எனக்கு அருகில் இருந்தவர் தமக்கு அப்பால் இருந்தவருக்கு ஒரு பழங்கதை சொன்னார். முன்னொரு காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்ணின் தாலிக்குப் பொன் உருக்கியபோது, பொன் கறுத்துப் பிளந்து போயிற்றாம். அவ்வளவு கடுமையான தோஷமாம் அந்தப் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வீட்டார் தக்க தருணத்தில் தப்பிக்கொண்டார்களாம். கேட்டவர் தலையை ஆட்டி, இக்காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் எங்கே நம்புகிறார்கள் என்று வருந்தினார். நான் பந்தியில் அமராமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பெண் என் தங்கை. இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டு நிறைவாக வாழ்கிறவள். பொன் உருக்கிய இடத்தில் நான் இருந்தேன். கறுத்தது எதுவென்றும், அது எந்த மலையிலிருந்து யாருடைய கையால் வந்ததென்றும் நான் அறிவேன். அன்று அங்கே கூடியிருந்தவர்களும் அறிவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இப்போது இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற பொய் மட்டும் திடகாத்திரமாக நடமாடுகிறது.

சினம் அடியவனுக்கு ஆகாது என்று என்னைத் திருத்த முயன்றவர்கள் உண்டு. எழுத்தறியும் முன்பே பதிகங்களை ஓதத் தொடங்கியவன் நான். ஆண்டவனையே உரிமையோடு வைது பாடிய அடியார்களின் சொல் என் நாவில் ஊறியிருக்கிறது. அவர்களை அவன் தள்ளிவிடவில்லை. ஆகவே இதைச் சினத்தோடுதான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் இறுதிக் காலம் அது. ரப்பர் விலை சரிந்து, பொன்னின் விலை ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகள். தோட்டம் துரவு வைத்திருந்தவர்கள் மரத்தை விட்டு மண்ணைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். களனி கங்கைக்கு நீர் கொண்டுவரும் மலையோடைகளில் மணலை அரித்தால் தூசியளவு பொன் கிடைப்பதுண்டு. அது மெய்தான். ஆனால் அந்தத் தூசியை வைத்துக்கொண்டு மலை முழுவதும் பொன் என்று கணக்குப் போட்டவர்கள் கொழும்பில் பலர் இருந்தார்கள்.

நான் அப்போது கனிப்பொருள் ஆய்வு செய்யும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் கீறுபவனாக இருந்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை மலைக்குப் போகும்போது பலகையையும் தாளையும் தூக்கிக்கொண்டு நானும் போவேன். கொழும்பில் பாறையின் முகத்தைக் காண முடியாது. மண்ணும் வீடும் தாரும் அதை மூடியிருக்கும். மலைநாட்டிலோ மழை மண்ணைக் கழுவிப் பாறையை வெளியே விட்டிருக்கும். அப்படி வெளித்தெரியும் பாறையிலிருந்துதான் உள்ளே கிடப்பதை அறிய வேண்டும். அதன் கோடுகள் எத்திசையில் ஓடுகின்றன, எப்பக்கம் சாய்ந்து மண்ணுக்குள் இறங்குகின்றன என்று முதலில் பார்ப்போம். பிறகு அடுத்த குன்றில் அதே கோடு மீண்டும் தலைகாட்டுகிறதா என்று தேடிப் போவோம். கறுப்பும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும் அந்தப் பாறைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சில இடங்களில் வெண்படிக நரம்பு ஓடும். பொன் இருக்குமானால் பெரும்பாலும் அந்த நரம்பை ஒட்டியே இருக்கும். இருந்தாலும் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசி, தட்டின் அடியில் தேட வேண்டும். மலைமுகத்தில் வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு நிற்பதெல்லாம் அநேகமாக வேறு ஏதோ ஒன்றுதான். இவ்வளவும் துரையிடமிருந்தும் மலையிடமிருந்தும் நான் கற்றவை. எனக்கு இதில் பெருமை ஒன்றுமில்லை. உத்தியோகத்துக்காகக் கற்றேன், உத்தியோகத்துக்கு உதவியது.

அந்த நாட்களில்தான் வெள்ளவத்தையிலிருந்து தங்கைக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோட்டையில் ஒரு வர்த்தக நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். அமைதியானவர் என்றார்கள், அது குறைத்துச் சொன்னது என்று பிறகு தெரிந்தது. அவருடைய தகப்பனார் ஊரறிந்த பெரியவர். கொட்டாஞ்சேனைக் கோயிலில் பதிகம் பாட அவர் எழுந்து நின்றால் கூட்டம் அடங்கிவிடும். கண்ணீர் கன்னத்தில் வழிய, பண் வழுவாமல், அப்படிப் பாடுவார். நானும் அந்தக் குரலில் கரைந்து நின்றிருக்கிறேன். இப்படிப்பட்டவர் வீட்டில் தங்கை வாழப் போகிறாளே என்று எங்கள் தகப்பனார், அப்பு, வாய்விட்டு மகிழ்ந்தார். அம்மா காலமான பிறகு அவருடைய முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதில்லை.

பெரியவருக்கு அவிசாவளைக்கு அப்பால் ஓடைக்கரையில் ஒரு ரப்பர்க் காணி இருந்தது. அந்த ஆண்டு பெய்த பெருமழையில் சரிவின் மண் சரிந்து, பாறை அம்மணமாக வெளியே வந்துவிட்டது. அதில் வெள்ளை நரம்பு ஓடுவதாகவும் மஞ்சளாக மினுங்குவதாகவும் காவற்காரன் வந்து சொல்லியிருக்கிறான். என் உத்தியோகத்தை அறிந்திருந்த பெரியவர், இருவருடைய சாதகமும் பொருந்திய பிறகு என்னை அழைத்தார். மாப்பிள்ளையாக வரவிருந்த மகனையும் கூட்டிக்கொண்டு மூவருமாகச் சிறிய ரயிலில் போனோம்.

அந்தப் பாறையை நான் இன்றும் கண்ணுக்குள் காண்கிறேன். யானையின் விலாவைப் போல் மழைநீர் பளபளக்கும் பெரும்பாறை. சாம்பலும் கறுப்புமான பட்டைகள் துணியை மடித்தாற்போல் மடிந்து மடிந்து கிடந்தன. கல்லை இப்படிக் குழைக்க எத்தனை யுகம் சென்றிருக்கும், எத்தனை வெம்மை வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். குறுக்கே வெண்படிக நரம்பு, திருநீற்றுக் குறி போல. அதன் ஓரமெல்லாம் இரும்புத் துரு. துருவின் நடுவே சிறிய சதுரச் சதுரமாக மஞ்சள் மணிகள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் விழுந்து வணங்கினார். நானும் கை குவித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வணங்கிய பின் என் வேலையைச் செய்தேன். நரம்பின் வழியே மேலே ஏறினேன். கீழே ஆளின் இடுப்பளவு அகலமாக இருந்தது. மேலே போகப் போக மணிக்கட்டளவாகி, விரலளவாகி, சாம்பற் பாறைக்குள் மறைந்தது. அடுத்த மேட்டிலும் தேடினேன். அது மீண்டும் தலைகாட்டவில்லை. துருப்பிடித்த பகுதியை உடைத்துப் பொடியாக்கி ஓடைநீரில் அலசினேன். தட்டின் அடியில் கருமணலும் செம்மணிக் கற்களின் துகளும் தங்கின, வேறொன்றும் இல்லை. பிறகு அந்த மஞ்சள் மணிகளில் ஒன்றைப் பெயர்த்துச் சுத்தியலால் தட்டினேன். பொறி பறந்தது. கந்தகம் மணத்தது. மணி பொடிந்து கரும்பொடியாயிற்று. பொன்னை அடித்தால் அது தகடாகப் பரக்கும், ஒருபோதும் பொடிபடாது. இது இரும்பும் கந்தகமும் கூடிய கல்.

இதையெல்லாம் பெரியவருக்கு விளக்கினேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, சுருதி சேராத பாட்டைக் கேட்பவரைப் போலப் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, எனக்கு ஒண்டைச் சொல்லும். இந்த மாதிரிக் கல்லுக்குள்ள பொன் இருக்குமோ, இராதோ?"

"இந்த மாதிரிக் கல்லுக்குள்ள இருக்கிறது உண்டு, மாமா. இந்தக் கல்லுக்குள்ள நான் காணேல்ல."

"உண்டு எண்டு சொல்லுறீர். அது காணும்." பிறகு மகனிடம் திரும்பினார். "கேட்டியோ? கவண்மேந்து ஆள் சொல்லுறார், உண்டாம்."

மகன் நான் சொன்ன அனைத்தையும் கேட்டவர். சுத்தியலின் கீழ் அந்த மணி பொடிந்ததைக் குனிந்து பார்த்தவர். அவர் என்னைப் பார்த்தார், தகப்பனாரைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்குள் புறக்கோட்டைக் கடைகள் வரை செய்தி பரவிவிட்டது. பெரியவரின் காணியில் பொன் இருப்பதை அரசாங்கமே உறுதி செய்துவிட்டதாம். கந்தோரில் துரையே என்னைக் கூப்பிட்டு, யார் இப்படிச் சொன்னது என்று விசாரிக்கும் நிலை வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து வந்ததுதான் பொறுக்க முடியாதது.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கில் கலியாணத்துக்குச் சில நாள் முன்னர் பொன்னுருக்கல் நடக்கும். நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், பத்தர் எனப்படும் பொற்கொல்லரை அழைத்து, பெரியோர் முன்னிலையில் ஒரு பவுண் காசை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. உருகிய பொன் தெளிவாக ஒரே உருண்டையாக வந்தால் வாழ்வும் அப்படியே என்று மகிழ்வார்கள். பெண் அங்கே போவதில்லை. அவள் தன் வீட்டில் இருப்பாள். பெரியவர் அந்தப் பவுணோடு தம்முடைய மலைப்பொன்னிலும் ஒரு துண்டைச் சேர்த்து உருக்கப் போவதாக அறிவித்தார். சுவாமி தந்த பொன் மருமகளின் கழுத்தில் ஏறவேண்டுமாம்.

அப்புவிடம் சொன்னேன். சம்பந்தம் கூடிவருகிற நேரத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. சமையலறை ஓடு ஒன்றின் மினுக்கமில்லாத அடிப்பக்கத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு, ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போனேன். பெரியவரின் விறாந்தையில் அமர்ந்து என் மோதிரத்தால் ஓட்டில் ஒரு கீறு கீறினேன், மஞ்சளாக விழுந்தது. அவருடைய கல்லால் பக்கத்தில் ஒரு கீறு கீறினேன்; கறுப்பாக விழுந்தது. கோப்பி கொண்டுவந்த அவருடைய மனைவியார் தட்டை வைத்துவிட்டு அந்த இரண்டு கீறல்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் பார்க்கவே இல்லை.

"உமக்குப் படம் கீறத் தெரியும், தம்பி. பொன் உருக்கவும் தெரியுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். "அது பத்தரின்ர வேலை. அவர் பாப்பார்."

இங்கேதான் என் சினம் அடங்க மறுக்கிறது. ஒருவர் அறியாமல் தவறுவது வேறு. இவருக்கு அறிய வாய்ப்பு மலையிலும் கிடைத்தது, வீட்டு விறாந்தையிலும் கிடைத்தது. நம் முன்னோர் இறைவனைக் கல்லென்றும் பொன்னென்றும் ஒரே மூச்சில் பாடினார்கள். கல்லைப் பொன்னென்று சாதிக்கும்படி அவர்கள் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. கண்ணீர் மல்கப் பாடுகிற ஒருவர் தம் கண்முன் கிடக்கும் கறுப்புக் கீறலைப் பார்க்க மறுப்பாரானால், அந்தக் கண்ணீருக்கு என்ன பெறுமதி?

பொன்னுருக்கல் நாள் வந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார், வெற்றிலைத் தட்டில் பவுண் காசு. பத்தர் செட்டியார் தெருவில் பேர் எடுத்தவர். நெருப்பின் முன் இருந்து இருந்தே தலை நரைத்தவர். சிரட்டைக் கரி கனன்றது. மாப்பிள்ளை காசை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் தம் பட்டுத்துண்டின் முடிச்சை அவிழ்த்து, பாக்களவான அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தார். பத்தர் அதை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாம் அமர்ந்திருந்த மணையைச் சற்றுப் பின்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, காசுக்கு மேலே கல்லைப் பொன் உருக்கும் மூசைக்குள் இட்டார்.

அந்த மணையை அவர் பின்னே இழுத்தாரே, அதை நான் மறக்கப் போவதில்லை. நடக்கப் போவது அவருக்குத் தெரியும்.

ஊதுகுழல் ஊத ஊத மூசை சிவந்தது. பெரியவர் பதிகம் தொடங்கினார். இரண்டாவது அடிக்கு வரும்போது, கல் பட்டாசு போல் வெடித்தது. கனல்துண்டு ஒன்று தெறித்து அவருடைய சால்வையில் விழுந்தது. மூசையின் வாயில் நீலச்சுவாலை எழுந்தது. முட்டை அழுகினாற்போலவும் தீக்குச்சி எரிந்தாற்போலவும் ஒரு நாற்றம் கூடத்தை நிறைத்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். குழந்தைகள் இருமின. பத்தர் மூசையை இறக்கி ஆறவிட்டுக் கவிழ்த்தார். கரிய கசடு ஒட்டிய ஓர் உருண்டை தட்டில் விழுந்தது. சிறு சுத்தியலால் தட்டியபோது அதன் ஓரம் பிளந்தது.

 பெரியவரின் தமக்கையார் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பொம்பிளையின்ர சாதகத்தை ஆர் பாத்தது?"

அங்கிருந்து கொட்டாஞ்சேனை ஐந்தாறு மைல். அந்த நேரம் என் தங்கை எங்கள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லை அவள் தொட்டதில்லை, கண்டதில்லை. அதை வெட்டியவர் ஒருவர், சுமந்து வந்தவர் ஒருவர், நெருப்பில் இட்டவர் ஒருவர். கேள்வி அவளைத் தேடிப் போயிற்று. தலைகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது கல்லில் இருந்த கந்தகம் என்றேன். வெங்காரம் இட்டு மறுபடி உருக்கினால் பவுண் பழையபடி வந்துவிடும் என்றேன். பத்தரையே கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். பத்தர் கைகளைத் துணியில் துடைத்தார். தம் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றும், பெரியவர்கள் பார்த்து ஒரு முடிவு சொல்லட்டும் என்றும் சொன்னார். தலை நரைத்த பொற்கொல்லர், கந்தகத்தைக் கண்டதில்லையாம். அந்த வீட்டில் இன்னும் கலியாணமாகாத மூன்று குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் நகை அவரே செய்ய வேண்டியிருந்தது. நான் மேலும் பேச வாயெடுத்தேன்.

"தம்பி, இது உம்மட கந்தோர் இல்லை" என்றார் பெரியவர்.

அப்பு என் முழங்கையைப் பிடித்தார்.  மாப்பிள்ளை தட்டில் கிடந்த உருண்டையைப் பார்த்தபடி இருந்தார். 

மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார்கள். கலியாணத்தை நிறுத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லையாம். பெண் கோயிலில் அமர்ந்து தோஷ நிவர்த்திப் பூசை செய்யவேண்டும். அதன் பிறகு வேறு பவுண் வைத்து உருக்கலாம். அப்பு நெஞ்சைத் தடவிக்கொண்டு, ஒரு பூசைதானே, சுவாமிக்குச் செய்கிற பூசையால் யாருக்கு என்ன நட்டம் என்றார். சுவாமியின் பெயரால் ஒரு பொய்யை நிலைநாட்டுவதை விடப் பெரிய நட்டம் எது என்று நான் குரலை உயர்த்தினேன். தகப்பனோடு அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

தங்கை இதையெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, அந்தக் கல்லில் துண்டு ஏதும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். மலையிலிருந்து கொண்டுவந்தது ஒன்று மேசைக்குள் கிடந்தது. அதை நெருப்பில் போட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் எங்கள் அடுப்பில் வேண்டாம் என்றாள். அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா எங்களுக்கு உறவு போன்றவர். அவருடைய அடுப்பில் போடச் சொல்லிவிட்டு, தான் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு உறைத்தபோது என் இரத்தம் கொதித்தது. ஒரு கூடத்து மனிதர்கள் சேர்ந்து, என் தங்கையே தன்னைச் சந்தேகிக்கும்படி செய்துவிட்டார்கள்.

கல் வெடித்தது. அதே நீலம், அதே நாற்றம். அடுத்த வீட்டு அம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னே பாய்ந்தார்.

"என்ன மகன் இது, இனி என்ட அடுப்புக்கும் சாதகம் பாக்கோணுமா?"

அதை அப்படியே தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். பொன்னுருக்கலுக்குப் பின் அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு, பூசைக்குப் போவோம் என்றாள். என்னால் நம்ப முடியவில்லை. அப்பு திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டார்.

பூசைக்குப் பெரியவரும் மனைவியாரும் வந்தார்கள். மாப்பிள்ளை வருவது முறையில்லை என்பதால் வரவில்லை. பெரியவர் நீதிபதியைப் போலத் தூணருகே நின்றார். தங்கை சந்நிதிக்கு முன் இருந்தாள். குருக்கள் தருப்பையை அணிவித்து, உள்ளங்கையில் நீரும் பூவும் எடுத்துக்கொண்டு சங்கற்பம் தொடங்கினார். யாருக்காகச் செய்கிற பூசையோ அவருடைய நட்சத்திரத்தைச் சொல்லித்தான் அது தொடங்க வேண்டும்.

"பிள்ளை, நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ."

தங்கை தலையை நிமிர்த்தினாள். அவளுடைய குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை.

"தோசம் ஆரில இருக்கோ அவையின்ர நட்சத்திரம்தானே சொல்ல வேணும், குருக்களையா? கல்லைக் கொண்டுவந்தது மாமா. அவரின்ர நட்சத்திரத்துக்குச் செய்யுங்கோ. நான் அவருக்காகக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறன்."

குருக்களின் விரலிடுக்கில் நீர் சொட்டியது. அப்பு கண்ணை மூடிக்கொண்டார். பெரியவரின் முகம் செம்பு நிறமாயிற்று. அவர் வாயைத் திறப்பதற்குள், அவருக்குப் பின்னால் நின்ற மனைவியார் பேசினார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதாகவே நினைவில்லை.

"சுவாதி" என்றார். "அவருக்குச் சுவாதி நட்சத்திரம், குருக்களையா."

பெரியவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. மூலத்தானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் அனுபவசாலி. அவருக்கு வேண்டியது ஒரு நட்சத்திரம், அது கிடைத்துவிட்டது. நல்ல நேரம் வேறு கழிந்துகொண்டிருந்தது. சுவாதி நட்சத்திரத்தில் பிறந்த இன்னாரின் சகல தோஷங்களும் நீங்கும்பொருட்டு என்று உரத்த குரலில் தொடங்கிவிட்டார்.

பெரியவரால் போக முடியவில்லை. தம் பெயருக்குச் சங்கற்பம் செய்த பூசையை நடுவில் விட்டுப் போகிறவனைப் பாவம் தொடரும் என்று எங்களுக்கெல்லாம் எத்தனையோ முறை சொன்னவர் அவர்தான். அபிடேகம், அர்ச்சனை, தீபம் என்று ஒன்றும் குறையாமல் முடியும் வரை நின்றார். யாரோ வழக்கம்போலப் பதிகம் பாடும்படி அவரைக் கேட்டார்கள். பாடவில்லை. குருக்கள் திருநீற்றை அவர் கையில் வைத்தார். வாங்கிப் பூசிக்கொண்டு வெளியேறினார். அந்த அம்மா என் தங்கையின் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு, அவருக்குப் பின்னே நடந்தார். வீட்டில் அந்த அம்மாவுக்கு அன்று என்ன நேர்ந்ததோ, நான் அறியேன். அந்தத் துணிவு பொன்னுருக்கிய கூடத்தில் நின்ற ஆண்கள் ஒருவருக்கும் வரவில்லை என்பதை மட்டும் அறிவேன்.

 வீட்டுக்கு வந்ததும் அப்பு கதிரையில் அமர்ந்து, இனி என்ன சொல்லி அனுப்பப் போகிறார்களோ என்று தமக்குத் தாமே முணுமுணுத்தார்.

"அவை சொல்லி அனுப்ப முதல் நாங்கள் சொல்லுவம், அப்பு" என்றாள் தங்கை. "எங்களுக்கு வேண்டாம் எண்டு."

"ஊர் என்ன சொல்லும், பிள்ளை?"

"ஊர் இப்பவும் சொல்லிக்கொண்டுதானே இருக்குது."

அப்பு என்னைப் பார்த்தார். நான் விலகி நின்றேன். அது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள காரியம் என்று எனக்குத் தோன்றியது.  அப்பு எழுந்து, மேற்சட்டையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

விளக்கேற்றும் நேரத்தில் திரும்பி வந்தார். கால் கழுவி, சால்வையை உதறிக் கொடியில் போட்டார். நாங்கள் இருவரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சொல்லிப்போட்டன்" என்றார்.

பெரியவர் என்ன சொன்னார் என்று தங்கை கேட்டாள்.

"தானும் வேண்டாம் எண்டுதான் முடிவெடுத்து வைச்சிருந்தவராம். அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நினைவு, ஆனா முதல் சொன்னது நான் எண்டன்." அப்பு கதிரையில் சாய்ந்தார். "தேத்தண்ணி கொஞ்சம் ஊத்து, பிள்ளை. அவை வீட்டில நான் ஒண்டும் வாங்கிக் குடிக்கேல்ல."